நீர்மேல் இல்லறம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் பேசுவதற்கென எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் 'அயல்நாட்டார் இல்வாழ்க்கை' என்பது. கடலனைய பொருள். குறித்த நேரத்துக்குள் அதனைச் சொல்லி முடிப்பது எவர்க்கும் அரிது. ஆகவே, அதிலிருந்து ஒரு சிறு கூறினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்து நாட்டுக் கால்வாய்களில், சரக்குப் படகையே வீடாகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உழைப்பாளிக் குடும்பங்களின் வரலாறே அது. அரசர்களின் வரலாற்றில் அக்குடும்பங்களுக்கு இடமில்லை. ஆனால் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையில் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

இல்லறம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். 'இல்' என்பது வீடு. வீட்டில் இருந்து நடத்தும் அறம் இல்லறம். வீட்டை ஆள்பவள் இல்லாள். மனைக்கு உரியவள் மனைவி. இவ்வாறு குடும்பத்தைக் குறிக்கும் நம் சொற்களிற் பல வீட்டைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. அங்ஙனமாயின், மண்ணில் ஒரு சாண் இடமும் இல்லாத குடும்பம் இல்லறம் நடத்த இயலுமா? இன்று இருந்த இடத்தில் நாளை இராத வீட்டுக்கு வீடு என்ற பெயர் பொருந்துமா? இவ்வினாவுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் வாழ்ந்தே விடை காட்டியவர்கள் அந்தப் படகு மக்கள்.

முதலில் கால்வாய்களைப் பற்றிச் சில சொற்கள். பிரிட்ஜ்வாட்டர் கோமகன் என்பவருக்கு வொர்ஸ்லி என்னும் ஊரில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அந்நிலக்கரியை மாஞ்செஸ்டர் நகருக்கு வண்டியில் கொண்டு செல்வதற்குப் பெருஞ்செலவாயிற்று. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளரைக் கொண்டு அவர் வெட்டுவித்த கால்வாய் 1761ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மாஞ்செஸ்டரில் நிலக்கரியின் விலை பாதியாகக் குறைந்தது என்பர். அதன் பின்னர் நாடெங்கும் கால்வாய்கள் பெருகின. இங்கிலாந்தின் தொழிற்புரட்சி நீராவியால் வந்தது என்று பாடநூல்களில் படிக்கிறோம். ஆனால் அந்த நீராவிக்கு வேண்டிய நிலக்கரியைச் சுமந்து சென்றவை குதிரை இழுத்த படகுகளே.

மேட்டு நிலத்தையும் பள்ள நிலத்தையும் கால்வாய் கடக்க வேண்டுமாயின் படகை ஏற்றவும் இறக்கவும் ஒரு வழி வேண்டும். அதற்கென இரு புறமும் கதவிட்ட தொட்டிகளைக் கட்டினர். அவற்றை ஆங்கிலத்தில் லாக் என்பர். நாம் நீர்ப்பூட்டு என்று சொல்லலாம். படகு உள்ளே புகுந்ததும் பின்கதவை மூடி, நீரை நிரப்பினால் படகு உயரும். நீரை வடித்தால் தாழும். நடு இங்கிலாந்தின் கால்வாய்களில், செலவும் நீரும் சிக்கனமாக இருக்க வேண்டுமென்று இந்நீர்ப்பூட்டுகளை ஏறத்தாழ 7 அடி அகலத்தில் அமைத்தார்கள். ஆகவே அங்கே ஓடிய படகும் 7 அடிக்குமேல் அகலம் கொள்ள இயலவில்லை. நீளம் மட்டும் 70 அடி வரை வளர்ந்தது. ஒரு படகு சுமார் 25 டன் சரக்கு ஏற்றும். அன்று ஒரு பொறியாளர் வரைந்த கோடுதான், பின்னால் வந்த பல தலைமுறைக் குழந்தைகள் கை நீட்டிப் படுக்கக்கூடிய அகலத்தையும் தீர்மானித்தது.

தொடக்கத்தில் படகோட்டிகளிற் பலருக்குக் கரையில் வீடு இருந்தது. 1830களுக்குப் பிறகு இரயில் பாதைகள் பரவின. இரயிலோடு போட்டியிட வேண்டிய கால்வாய்க் கம்பெனிகள் சரக்குக் கட்டணத்தைக் குறைத்தன. கட்டணம் குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் படகோட்டி என்ன செய்வான்? கரையில் இருந்த வீட்டைக் காலி செய்தான், வாடகை மிச்சமாயிற்று. உதவிக்கு வைத்திருந்த ஆளை நிறுத்தினான்; அவன் கூலியும் மிச்சமாயிற்று. அவ்விடத்தில் மனைவியும் மக்களும் வந்து நின்றனர். குடும்பத்தோடு படகில் வாழ்ந்தவர் அதற்கு முன்னரும் உண்டு. ஆயினும் அது பெருவழக்கானது இவ்வாறு வறுமையினாலேயே.

அவர்களுடைய வீட்டைச் சற்றே எட்டிப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஸ்டோக் புரூயர்ன் என்னும் சிற்றூரில் உள்ள கால்வாய் அருங்காட்சியகத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. ஆங்கே படகு அறையின் அமைப்பை அருகில் நின்று பார்த்தேன். 70 அடிப் படகில் 60 அடி சரக்குக்குரியது. குடும்பத்துக்கு எஞ்சுவது பின்புறத்தில் சுமார் 10 அடி நீளமும் 7 அடிக்கும் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள ஓர் அறைதான். நம் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் சமையலறையே அதனினும் பெரிது.

கதவைத் திறந்து உள்ளே இறங்கினால் இடப்புறத்தில் இரும்பு அடுப்பு. அதையடுத்து ஒரு சிறு அலமாரி. அதன் கதவை முன்னே மடித்து இறக்கினால் அதுவே சாப்பாட்டு மேசை. எதிர்ப்புறம் நீண்ட பலகை. பகலில் இருக்கை, இரவில் பிள்ளைகளின் படுக்கை. அறையின் கோடியில் மற்றோர் அலமாரி. அதன் பெரிய கதவைக் குறுக்கே சாய்த்து வைத்தால் பெற்றோரின் கட்டில். காலையில் மடித்து மூடினால் கட்டில் இருந்த சுவடே தெரியாது. ஒரு பொருள் இரண்டு வேலை செய்யாவிட்டால் அதற்கு அப்படகில் இடமில்லை.

இத்தனை நெருக்கடியிலும் அழகுக்கு அவர்கள் இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்பதுதான் வியப்பு. சுவரெங்கும் விளிம்பில் துளைப்பின்னல் உள்ள பீங்கான் தட்டுகள். அலமாரித் தட்டுகளில் இல்லத்தரசி தன் கையால் போட்ட குரோஷாப் பின்னல். துலக்கித் துலக்கிப் பொன்போல் மின்னும் பித்தளைக் குமிழ்கள். கதவுகளிலும், கூரைமேல் நிற்கும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜா மலர்களும், ஏரிக்கரைக் கோட்டைகளுமாக வண்ண ஓவியங்கள். குதிரையின் காதுகளுக்குக்கூடப் பின்னல் தொப்பி! கரி சுமக்கும் படகில், கரித்தூளுக்கு நடுவில், அப்பெண்மணி நாள்தோறும் அழுக்கோடு போரிட்டாள்.

இனி அவர்களுடைய ஒரு நாளைப் பார்ப்போம். படகோட்டிக்குச் சம்பளம் மாதக் கணக்கில் அன்று. நடைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்ற கணக்கு. படகு நகர்ந்தால்தான் கூலி. ஆகவே விடியுமுன் எழுந்து, இருட்டிய பின்னும் ஓட்டுவார்கள். குதிரைப் படகுக் காலத்தில் கரைப்பாதையில் குதிரையின் பின்னே நடந்து செல்வது பெரும்பாலும் ஒரு சிறுவன் அல்லது சிறுமியின் வேலை. நாளொன்றுக்கு எத்தனை மைல் படகு செல்லுமோ அத்தனை மைல் அக்குழந்தையும் நடக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இயந்திரப் படகு வந்தது. இயந்திரப் படகு ஒன்று, அது இழுத்துச் செல்லும் இணைப்படகு ஒன்று என இரண்டு சேர்ந்து ஓடின. இரண்டுமாகச் சுமார் 50 டன் ஏற்றலாம். முன்னதைக் கணவன் ஓட்டுவான். பின்னதன் சுக்கானை மனைவி பிடிப்பாள். இலண்டனிலிருந்து பர்மிங்ஹாம் வரை செல்லும் கிராண்ட் யூனியன் கால்வாயின் நீளம் 137 மைல். வழியில் நீர்ப்பூட்டுகள் 166. ஒவ்வொன்றிலும் கனமான மரக்கதவுகளை முதுகு கொடுத்துத் தள்ள வேண்டும். இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றி மதகைத் திறக்க வேண்டும். ஹாட்டன் என்னுமிடத்தில் 21 நீர்ப்பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைப்படி போல் ஏறுகின்றன. சற்றே வளர்ந்த பிள்ளை ஒரு மிதிவண்டியில் முன்னே விரைந்து சென்று அடுத்த நீர்ப்பூட்டை ஆயத்தம் செய்து வைக்கும்.

இல்லத்தரசி சுக்கான் தடியை இடுப்பால் அணைத்துக்கொண்டு வாயிற்படியில் நிற்பாள். கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பு. அதன்மேல் இறைச்சியும் கிழங்கும் நாள் முழுதும் வெந்துகொண்டிருக்கும். கண் கால்வாயின் வளைவில். கை உருளைக்கிழங்கு சீவுவதில். காது தொட்டில் குழந்தையின் அழுகையில். தவழும் பருவத்துக் குழந்தை நீரில் விழாதிருக்க, அதன் இடுப்பில் வார் பூட்டிக் கூரைமேல் புகைபோக்கியின் அருகே கட்டிவைப்பார்கள். இதைக் கேட்டு நம் தாய்மார்கள் திடுக்கிடலாம். வார் இல்லாத குழந்தைகளில் எத்தனையோ நீரில் மூழ்கி இறந்தன என்பதையும் சேர்த்துக் கேட்டால் அந்த வாரின் பொருள் விளங்கும். துணி துவைப்பது படகு கட்டி நிற்கும் நாளில், கரையில் தொட்டி வைத்து. காயப்போடுவது, சரக்கிறக்கிக் காலியாகக் கிடக்கும் படகின்மேல் கொடி கட்டி. நல்ல நீர், வழியில் குழாய் உள்ள இடங்களில் பிடித்துவைத்த குடத்து நீர்தான்.

இவ்வளவு வேலையும் செய்த அப்பெண்மணிக்குக் கம்பெனியின் கூலிக் கணக்கில் பெயர் இல்லை. கூலி முழுதும் படகின் தலைவன் என்ற முறையில் கணவன் பெயருக்கே எழுதப்பட்டது. அவளுடைய உழைப்பு இரண்டாம் உலகப் போரின்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஆள் பற்றாக்குறையால் நகரத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் படகோட்ட அனுப்பினார்கள். ஓர் இணைக்கு மூன்று பெண்கள் என்பது ஏற்பாடு. உடல் வலிமையும் கல்வியும் உள்ள அம்மங்கையர் படகு வாழ்வின் கடுமையைக் கண்டு திகைத்தனர். அவர்களுள் ஒருவராகிய எம்மா ஸ்மித் அந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய நூல் 1948இல் வெளிவந்து புகழ் பெற்றது. மூன்று பேர் சேர்ந்து திணறிய வேலையைத்தான், படகு மனைவியர் கணவனோடும் பிள்ளைகளோடும், கைக்குழந்தையையும் கவனித்துக்கொண்டு, ஆண்டாண்டுக் காலமாகச் செய்து வந்தனர்.

இத்தகைய மக்களைக் கரையில் உள்ளவர்கள் எவ்வாறு மதித்தார்கள்? நீர் நாடோடிகள் என்றார்கள், அழுக்கர் என்றார்கள், குடிகாரர், திருடர் என்றார்கள். கடையில் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். படகு மக்களும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, தனிக் குலம் போல் வாழ்ந்தார்கள். நாள்தோறும் ஊர்களின் நடுவே சென்றும் எந்த ஊரையும் சேராதவர்களாயினர்.

அவர்களுக்காகப் பேச ஒருவர் முன்வந்தார். ஜார்ஜ் ஸ்மித் என்பது அவர் பெயர், கோல்வில் ஊரினர். சிறு வயதிலேயே செங்கற்சூளையில் மண் சுமந்து துன்புற்றவர். சூளைகளில் வேலை செய்த குழந்தைகளுக்காகப் போராடி, 1871இல் அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்தார். அதன் பின்னர் படகுக் குழந்தைகளின் பக்கம் திரும்பினார். 1875இல் ஒரு நூல் எழுதினார். படகு மக்களின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் மிகைபடக் கூறல் உண்டு. தம்மை இழிவுபடுத்தியதாகப் படகு மக்களே வருந்தினர். எனினும் அவர் முயற்சியால் 1877ஆம் ஆண்டில் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. 1884இல் அது மேலும் வலுப்படுத்தப்பட்டது.

அச்சட்டத்தின்படி குடும்பம் வாழும் படகு ஒவ்வொன்றும் ஓர் ஊரில் பதிவு செய்யப்பட வேண்டும். அதில் எத்தனை பேர் தங்கலாம் என்பது அறையின் அளவைப் பொறுத்தது. 12 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 60 கன அடி, அதற்குக் குறைந்த குழந்தைக்கு 40 கன அடி காற்றிடம் இருத்தல் வேண்டும் என்று விதித்தார்கள். காற்றை அளந்து கொடுத்த சட்டம் அது!

ஆனால் அதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொரு பகுதி. படகு எந்த ஊரில் பதிவாயிற்றோ, அந்த ஊரிலேயே அக்குழந்தை குடியிருப்பதாகக் கல்விச் சட்டத்தின் பொருட்டுக் கருதப்படும் என்று எழுதினார்கள். 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் ஊர்தோறும் பள்ளிகள் எழுந்த காலம் அது. 1880இல் பள்ளிக்குச் செல்வது கட்டாயமுமாயிற்று. முகவரியே இல்லாத குழந்தைக்குச் சட்டம் ஒரு முகவரியைக் கொடுத்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த முகவரியில் குழந்தை இல்லையே! பதிவு ஓர் ஊரில். படகு வேறோர் ஊரில். பள்ளி அசையாமல் நிற்கிறது. வீடோ நகர்ந்துகொண்டே இருக்கிறது.

விளைவு என்ன? சரக்கு ஏற்றவும் இறக்கவும் படகு நிற்கும் ஊரில் ஒரு நாளோ அரை நாளோ பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். ஆசிரியர்க்கு அப்பிள்ளை என்ன கற்றிருக்கிறது என்று தெரியாது. ஆகவே பத்து வயதுச் சிறுவனையும் ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்து முதல் எழுத்திலிருந்து தொடங்குவார். எழுத்து இரண்டு தெரிவதற்குள் படகு புறப்பட்டுவிடும். அடுத்த ஊரில் மறுபடியும் முதல் எழுத்து. இவ்வாறு நூறு பள்ளிகளில் முதற்பாடம் கேட்டு, இரண்டாம் பாடம் கேளாமலே வளர்ந்தவர்கள் பலர்.

அவர்களை அறிவிலிகள் என்று எண்ணிவிடாதீர்கள். 137 மைலில் உள்ள ஒவ்வொரு பாலமும், ஒவ்வொரு வளைவும், எந்த இடத்தில் ஆழம் குறைவு என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். இருளிலும் மூடுபனியிலும் 70 அடிப் படகை 7 அடி வாயிலில் இடிக்காமல் நுழைப்பார்கள். ஆனால் மகளிடமிருந்து கடிதம் வந்தால் கரையில் உள்ள ஒருவரிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டுச் செய்தியை அந்நியர் வாயால் கேட்கும் துன்பம், அனுபவித்தவர்க்கே தெரியும்.

இதற்கு என்ன பரிகாரம்? அரசியலார் சிந்தித்தனர். பின்னாளில் பிரதமராக விளங்கிய நெவில் சேம்பர்லின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. பள்ளிப் பருவத்துக் குழந்தைகள் பள்ளி நடக்கும் மாதங்களில் படகில் வாழ்வதைத் தடை செய்யலாம் என்று 1921இல் அக்குழு கருத்துரைத்தது. 1929இல் ஹாரி காஸ்லிங் என்னும் தொழிற்கட்சி உறுப்பினர் அதற்கென ஒரு மசோதாவையே பாராளுமன்றத்தில் கொணர்ந்தார். அது சட்டமாகவில்லை.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். தடையை வேண்டியவர்கள் தீயவர்களா? அல்லர். எழுத்தறியாத தலைமுறை இன்னொன்று உருவாகக் கூடாது என்ற நல்லெண்ணமே அவர்களை உந்தியது. தடையை எதிர்த்தவர்கள் எல்லோரும் அறியாமையால் எதிர்த்தார்களா? அதுவும் அன்று. மலிவான உழைப்பு போய்விடுமே என்று அஞ்சிய முதலாளிகள் ஒரு புறம் இருந்தது உண்மை. ஆனால் ஐந்து வயது மகனை முன்பின் அறியாதார் வீட்டில் விட்டுவிட்டுப் படகைத் தள்ளிச் செல்ல எந்தத் தாய்தான் இசைவாள்? கல்வி ஒரு நன்மை. குடும்பம் சேர்ந்திருத்தல் ஒரு நன்மை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று ஏழையிடம் மட்டுமே உலகம் கேட்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அதே நாட்டில் விடுதிப் பள்ளிகளுக்குச் சென்றார்களே என்பீர்கள். அது அவர்களாக விரும்பிச் செய்தது; விடுமுறைக்குத் திரும்பி வர ஒரு வீடும் நின்ற இடத்திலேயே காத்திருந்தது.

சட்டம் செய்ய இயலாததைச் சில நல்ல உள்ளங்கள் சிறிய அளவில் செய்து காட்டின. இலண்டனை அடுத்த பிரென்ட்ஃபர்டில், படகுகள் கூடும் துறையிலேயே, 1904இல் படகு மக்களுக்கென ஒரு நிலையம் எழுந்தது. அதில் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடந்தது. 1930களில் வெஸ்ட் டிரேட்டனில் ஒரு பழைய சரக்குப் படகையே பள்ளிக்கூடமாக்கினார்கள். ஸ்டோக் புரூயர்னில், நீர்ப்பூட்டுக்கு அருகில் வாழ்ந்த மேரி வார்ட் என்னும் செவிலியம்மை, அவ்வழியே செல்லும் படகு மக்களுக்குத் தம் வீட்டிலேயே மருத்துவம் பார்த்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவதும், கருவுற்ற பெண்களைக் கவனிப்பதும், தேவையெனில் படகுக்கே சென்று பார்ப்பதும் அவர் தொண்டு. 1962இல் ஓய்வு பெறும்வரை அப்பணி தொடர்ந்தது. எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டார். கரையில் பிறந்த ஒருவர், கரையோரம் வரை நடந்து வந்தார், அவ்வளவுதான். அந்தப் பத்தடித் தூரத்தை அலுவலகங்களால் எண்பது ஆண்டுகளாகக் கடக்க முடியவில்லை.

இவ்வாழ்வின் முடிவு நம்மிற் பலருடைய வாழ்நாளிலேயே நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டு தொடக்கத்தில் கால்வாய்கள் நாட்டுடைமையாயின. சரக்கு லாரிக்கு மாறிக்கொண்டிருந்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. படகு நகராவிட்டால் கூலி இல்லை. நிலக்கரியோ காத்திராமல் வேறு வழியில் போயிற்று. பனி உருகிய பின் பழைய வாணிகம் திரும்பவில்லை. ஆதர்ஸ்டோனிலிருந்து இலண்டனின் சௌத்தால் பகுதியில் இருந்த ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டு சென்ற நெடுந்தூர ஓட்டமும் 1970ஆம் ஆண்டு அக்டோபரில் நின்றது. அதோடு ஒரு வாழ்க்கை முறை முடிந்தது.

ஆனால் லாரியும் பனியும் மட்டுமே அவர்களைக் கரையேற்றவில்லை. அதற்கு முன்பே, ஒன்றன்பின் ஒன்றாகக் குடும்பங்கள் தாமாகவே கரையேறிக்கொண்டிருந்தன. என் மகனாவது படிக்கட்டும் என்பதே பெரும்பாலும் காரணம். பித்தளைக் குமிழ்களையும் பீங்கான் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஒரு தெருவுக்குக் குடிபோனார்கள். கதவில் ஓர் எண் இருந்தது. தபால்காரர் வந்தார். பிள்ளைகள் ஒரே பள்ளியில் இரண்டாம் பாடத்தையும் படித்தனர். முதியவர்களிற் சிலருக்கோ அசையாத தரையில் உறக்கம் வரவில்லை. பெற்றது பெரிது, இழந்ததும் சிறிதன்று.

கதை அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அந்தக் கால்வாய்கள் இன்றும் இருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழியை 2012 முதல் ஓர் அறநிறுவனம் பராமரித்து வருகிறது. உல்லாசப் படகுகளே மிகுதி எனினும், இலண்டன் போன்ற நகரங்களில் வீட்டு வாடகை கொடுக்க இயலாமல் படகில் குடியேறிய குடும்பங்களும் உள்ளன. நிலையான துறை இல்லாத படகு ஓரிடத்தில் பொதுவாக 14 நாட்களுக்கு மேல் நிற்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். படகு நகர வேண்டும். பிள்ளையின் பள்ளியோ நின்ற இடத்தில் நிற்கும். ஜார்ஜ் ஸ்மித் காலத்து வினா, புது உடை அணிந்து அதே கரையில் நிற்கிறது.

அன்பர்களே! தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். வீடில்லாதார்க்கு இல்லறம் உண்டா? உண்டு என்று அந்தப் பத்தடி அறை சாட்சி சொல்கிறது. உழைப்பு இருந்தது, தூய்மை இருந்தது, அழகு இருந்தது, குழந்தையின் இடுப்பில் வார் பூட்டிய அன்பு இருந்தது. இல்லறத்துக்கு வேண்டிய எதுவும் அவர்களிடம் குறையவில்லை. இல்லாதிருந்தது முகவரி ஒன்றே. ஆனால் நாகரிக உலகம் தன் கொடைகளையெல்லாம், பள்ளியையும் மருத்துவத்தையும் மதிப்பையும், முகவரி பார்த்தே வழங்குகிறது. குறை குடும்பத்தில் அன்று, கொடுக்கும் முறையில்.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. ஊர்விட்டு ஊர் வந்து வாழ்பவர்கள் நாம். மாற்றல் உத்தரவு வந்த ஆண்டில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அலைந்த அனுபவம் இந்த மண்டபத்தில் பலருக்கு உண்டு. நமக்காவது கையில் உத்தரவும், உதவ ஒரு சங்கமும் இருந்தன. நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகளைக் கட்டி எழுப்பும் தொழிலாளர் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். கட்டடம் உயரும்வரை தகரக் கொட்டகை. உயர்ந்ததும் வேறு இடம். அவர்கள் ஏறி வாழும் படகு நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே வேறுபாடு.

நம் நாட்டுச் சட்டம் இதில் பின்தங்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளியில் சேராது விடுபட்ட குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும். பத்து வயதுச் சிறுவனை ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்கார வைக்கலாகாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்ற காரணத்தால் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. எழுதியிருக்கிறது. ஆனால் 1877ஆம் ஆண்டிலும் எழுதித்தான் இருந்தார்கள். எழுத்துக்கும் குழந்தைக்கும் இடையே ஒரு பத்தடித் தூரம் எப்போதும் இருக்கிறது. அதனைக் கடக்க ஒரு மனிதர் நடந்து வரவேண்டும்.

நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் உள்ளனர். அலுவலக நடைமுறை அறிந்தவர்கள் உள்ளனர். இந்நகரத்து மொழியைத் தாய்மொழிபோல் பேசும் இளைஞர்கள் உள்ளனர். அடுத்த தெருவில் எழும் கட்டடத்தின் கொட்டகையில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டறிந்து, ஒரு பிள்ளையையேனும் கையைப் பிடித்து அழைத்துச் சென்று பள்ளியில் சேர்த்துவிட்டால், இவ்விழா எடுத்ததன் பயன் நிறைவுறும். அப்பிள்ளை எந்த மொழி பேசுகிறது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று நாம் கேட்க வேண்டியதில்லை. அதற்கு இரண்டாம் பாடம் கிடைத்ததா என்பது ஒன்றையே கேட்போம்.